ஸ்கிரிட் மலை

ஸ்கிரிட் மலை என்பது ஐக்கிய இராச்சியத்தின் ஒரு பகுதியாகிய வேல்ஸ் நாட்டின் தென்கிழக்கில், மொன்மத்சயர் மாவட்டத்தில் அமைந்துள்ள ஒரு தனிக்குன்று ஆகும். வெல்ஷ் மொழியில் இது அஸ்கரிட் வௌர் என அழைக்கப்படுகிறது. இதன் உயரம் கடல் மட்டத்திலிருந்து 486 மீட்டர் (1,594 அடி). உள்ளூர் மக்கள் இதனைப் "புனித மலை" என்றும் குறிப்பிடுவதுண்டு.

இம்மலையின் சிறப்பு அதன் உயரத்தில் இல்லை. இதனினும் உயர்ந்த மலைகள் அருகிலேயே உள்ளன. மலையின் மேற்குப் பக்கம் பெரும் நிலச்சரிவினால் பிளந்து நிற்பதே இதன் தனி அடையாளம். மலையின் பெயர், அதைப் பற்றிய தொன்மக் கதைகள், அதன் மண்ணுக்கு வழங்கப்பட்ட புனிதம் ஆகிய யாவும் இந்தப் பிளவிலிருந்தே தோன்றின. அந்தப் புனிதத்தின் காரணமாக, 17ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கர்கள் அரசின் தடையை மீறி இம்மலையுச்சியில் கூடி வழிபட்டனர். அவ்வட்டாரக் கத்தோலிக்கர்களுக்குப் பணியாற்றிய குருக்கள் சிலர் 1679ஆம் ஆண்டில் தூக்கிலிடப்பட்டனர்.

மலையைச் சுற்றியுள்ள சிற்றூர்களும் அவற்றின் பழைய தேவாலயங்களும் இந்த வரலாற்றின் பல பகுதிகளை இன்றும் காட்டி நிற்கின்றன.

அமைவிடம்

ஸ்கிரிட் மலை, அபெர்கவெனி என்னும் சந்தை நகரிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 5 கி.மீ. தொலைவில் உள்ளது. அபெர்கவெனியைச் சூழ்ந்துள்ள மூன்று முதன்மையான மலைகளுள் இதுவே உயரம் குறைந்தது. மற்றவை சுகர் லோஃப் (596 மீ), பிளாரஞ்சு (561 மீ) என்பனவாகும். ஸ்கிரிட் மலைக்குத் தெற்கே 270 மீ உயரமுள்ள சின்ன ஸ்கிரிட் என்னும் குன்று உள்ளது.

இங்கிலாந்து எல்லையை ஒட்டி நீளும் கருமலைத் தொடரின் கிழக்குப் புறத்தே, அத்தொடரிலிருந்து பிரிந்து தனித்து நிற்கும் குன்றாக ஸ்கிரிட் மலை காணப்படுகிறது. இது 1957ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட பிரெக்கன் பீக்கன்ஸ் தேசியப் பூங்காவின் கிழக்கு ஓரத்தில் உள்ளது. இப்பூங்கா 2023ஆம் ஆண்டு முதல் பன்னாய் பிரிகெய்னியாக் என்னும் தன் வெல்ஷ் பெயரையே பயன்படுத்தி வருகிறது.

மலையின் முகடு வடக்குத் தெற்காக நீண்ட, குறுகலான வடிவம் கொண்டது. தென்முனையிலிருந்து படிப்படியாக உயரும் இம்முகடு வடமுனையில் உச்சியை அடைகிறது.

பெயரும் ஊர்ப்பெயர்களும்

அஸ்கரிட் என்னும் வெல்ஷ் சொல் "பிளந்தது" அல்லது "சிதறியது" என்னும் பொருள் தருவதாக விளக்கப்படுகிறது. ஸ்கிரிட் என்பது அதன் ஆங்கிலத் திரிபு. வௌர் என்பது "பெரிய" என்று பொருள்படும். ஆகவே அஸ்கரிட் வௌர் என்பதைப் "பெரும் பிளவு மலை" எனக் கொள்ளலாம்.

பெரிய என்பதற்கான வெல்ஷ் சொல்லின் அடிப்படை வடிவம் மௌர் ஆகும். பெண்பால் பெயர்ச்சொல்லை அடுத்து வரும்போது அதன் முதல் ஒலி திரிந்து வௌர் என்றாகிறது. தமிழில் பொன், தகடு என்னும் சொற்கள் புணர்ந்து பொற்றகடு என்றாகும்போது வருமொழியின் முதல் எழுத்துத் திரிவதை இதனுடன் ஒப்பிடலாம். ஆயினும் வெல்ஷ் மொழியில் இம்மாற்றம் பெரும்பாலும் ஒலியைச் சார்ந்தது அன்று. அது சொல்லின் பால், அதற்கு முன்னுள்ள சொல் முதலிய இலக்கணக் காரணங்களைச் சார்ந்தது.

இந்த விதியை அறிந்தால் இப்பகுதியின் ஊர்ப்பெயர்களை எளிதில் பிரித்தறியலாம். லான் என்னும் முன்னொட்டு தொடக்கத்தில் வேலியிட்ட நிலத்தைக் குறித்தது. பின்னர் தேவாலயமும் அதன் கல்லறைத் தோட்டமும் அமைந்த வளாகத்தையும், இறுதியில் தேவாலயத்தையும் ஊரையும் குறிக்கலாயிற்று. இச்சொல்லின் பின் அத்தேவாலயத்துக்குரிய புனிதரின் பெயர் வரும்.

லான்விஹாங்கெல் – மிஹாங்கெல், அதாவது மிக்கேல் அதிதூதரின் தேவாலயம். இங்கே மகரம் வகரமாகத் திரிந்துள்ளது.
லான்தெவி – தேவி, அதாவது வேல்ஸ் நாட்டின் பாதுகாவலரான புனித டேவிட்டின் தேவாலயம்.
லான்டிலியோ – புனித டெய்லோவின் தேவாலயம்.

இவற்றின் முதலில் வரும் ஒலி தமிழ் லகரம் அன்று. லகரத்தை ஒலிக்கும் நிலையில் நாவை வைத்துக்கொண்டு, குரல் எழுப்பாமல் மூச்சுக்காற்றைப் பக்கவாட்டில் செலுத்தினால் அவ்வொலி பிறக்கும். தமிழில் அதற்கு எழுத்து இல்லாமையால் இக்கட்டுரையில் லகரமே பயன்படுத்தப்பட்டுள்ளது.

நிலவியல்

ஸ்கிரிட் மலை பழைய செம்மணற்கல் எனப்படும் பாறைத் தொகுதியால் ஆனது. இப்பாறைகள் டெவோனியக் காலத்தில், ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த மணலும் சேறும் இறுகியதால் உருவானவை. இரும்பு ஆக்சைடு கலந்திருப்பதால் இவற்றிற்குச் செந்நிறம் ஏற்பட்டது. இவ்வட்டாரத்தின் வயல் மண்ணிலும் பழைய கட்டடங்களின் கற்களிலும் இந்நிறத்தைக் காணலாம்.

மலையின் மேற்பகுதியில் உறுதியான மணற்கல் அடுக்குகள் உள்ளன. அவற்றின் கீழே பெரும்பகுதி மென்மையான சேற்றுக்கல் காணப்படுகிறது. நிலச்சரிவுக்கு அடிப்படைக் காரணம் இந்த அமைப்பே ஆகும். அதனைப் பின்வருமாறு விளக்கலாம்.

முதலாவதாக, மழைநீர் மணற்கல்லின் வெடிப்புகள் வழியே கீழிறங்குகிறது. சேற்றுக்கல் நீரை எளிதில் உள்விடுவதில்லை. ஆகையால் நீர் இரு அடுக்குகளும் சேரும் இடத்தில் தேங்கி, அங்குள்ள களியை இளக்குகிறது. தேங்கிய நீரின் அழுத்தம் மேலுள்ள பாறையைச் சற்றே தாங்கி நிற்பதால், இரு அடுக்குகளுக்கும் இடையிலான உராய்வு குறைகிறது.

இரண்டாவதாக, பனிக்காலத்தில் இப்பகுதியின் பள்ளத்தாக்குகளில் பனியாறுகள் இருந்தன. அவை சரிவுகளின் அடிப்பகுதியை அரித்துச் செங்குத்தாக்கின. அதே வேளையில் பனிக்கட்டியே அச்சரிவுகளுக்கு முட்டுக் கொடுத்தும் நின்றது. பனி உருகியபின் அந்த முட்டு நீங்கியது.

மூன்றாவதாக, வெடிப்புகளில் புகுந்த நீர் உறைவதும் உருகுவதுமாக இருந்ததால் வெடிப்புகள் அகன்றன. பிடிப்பு இழந்த மணற்கல் பாளங்கள் தம் எடையாலேயே கீழ்நோக்கி நகர்ந்தன.

இவ்வாறு மேற்குப் பக்கத்தில் பெயர்ந்த பாறைத்திரள் இன்று ஒரு தனி மேடாக நிற்கிறது. அதற்கும் தாய்மலைக்கும் இடையே ஆழ்ந்த பள்ளம் உள்ளது. தொலைவிலிருந்து பார்ப்போருக்கு மலையைக் கோடரியால் வெட்டியது போன்ற தோற்றத்தை இதுவே தருகிறது.

பனிக்காலத்தின் மற்றொரு தடயம் மலைக்கு வடக்கே லான்விஹாங்கெல் குருகோர்னி ஊரருகே உள்ளது. பனியாறு விட்டுச்சென்ற கற்களும் மண்ணும் அங்கே ஓர் அணைபோல் குவிந்துள்ளன. வடமேற்கிலிருந்து வரும் ஹொன்தி ஆறு இக்குவியலால் தடுக்கப்பட்டது. தெற்கே அஸ்க் ஆற்றை நோக்கிச் செல்வதை விடுத்து, அது வடகிழக்கே திரும்பி மொன்னோ ஆற்றுடன் கலக்கிறது. குவியலின் தென்புறத்தில் தோன்றும் சிறிய கவெனி ஆறு மட்டும் தெற்கே பாய்ந்து அஸ்க் ஆற்றை அடைகிறது. அபெர் என்றால் கழிமுகம் அல்லது ஆறு கூடுமிடம். கவெனி ஆறு கூடுமிடமே அபெர்கவெனி ஆயிற்று.

தொன்மக் கதைகள்

மலை ஏன் பிளந்தது என்பதற்கு மக்களிடையே வேறு விளக்கங்கள் வழங்கின. இயேசு சிலுவையில் உயிர்விட்ட வேளையில் ஏற்பட்ட நிலநடுக்கத்தால், அல்லது மின்னலால், மலை பிளந்தது என்பது அவற்றுள் பரவலானது. இயேசு இறந்தபோது நிலம் நடுங்கிப் பாறைகள் பிளந்தன என்னும் மத்தேயு நற்செய்திக் குறிப்பு இக்கதைக்கு அடிப்படை எனலாம். நோவாவின் பேழை மலையின் மீது உரசிச் சென்றதால் பிளவு உண்டாயிற்று என்றும் கதை உண்டு.

இந்நம்பிக்கையின் பயனாக மலையின் மண் புனிதமானதாகக் கருதப்பட்டது. உழவர்கள் அதனை எடுத்துச் சென்று விளைச்சல் வேண்டி வயல்களில் தூவினர். இறந்தவரின் சவப்பெட்டி மீது இம்மண் தூவப்பட்டது. தேவாலயங்களின் அடித்தளத்திலும் இது இடப்பட்டதாகக் கூறுவர்.

எல்லைப்புறக் கதைகளில் வரும் ஜாக் ஓ' கென்ட் என்னும் தந்திரக்காரனும் இம்மலையுடன் தொடர்புபடுத்தப்படுகிறான். அவன் சுகர் லோஃப் மலையிலிருந்து ஸ்கிரிட் மலைக்குத் தாவியபோது அவனது குதிகால் பட்ட இடமே பிளவு என்பது ஒரு கதை. பேய்க்கும் அவனுக்கும் இடையே நிகழ்ந்த பந்தயங்கள் பற்றியும் கதைகள் உள்ளன. மலைமீதுள்ள பாறை ஒன்று "பேயின் மேசை" என அழைக்கப்படுகிறது.

உச்சியிலிருந்த சிற்றாலயம்

மலையுச்சியில் இரும்புக் காலக் குன்றுக்கோட்டை ஒன்றின் எச்சங்களும், இடைக்காலத்தைச் சேர்ந்த ஒரு சிற்றாலயத்தின் எச்சங்களும் உள்ளன. சிற்றாலயம் மிக்கேல் அதிதூதருக்கு ஒப்புக்கொடுக்கப்பட்டது. இன்று அதன் சுவர்கள் இல்லை. நிலத்தில் ஒரு பள்ளமும், வாயிலின் இருபுறமும் நின்றவை எனக் கருதப்படும் இரு நடுகற்களும் மட்டுமே எஞ்சியுள்ளன.

விவிலியத்தின் இறுதி நூலில், அலகையாகிய அரவப்பாம்பை எதிர்த்துப் போரிட்டு வீழ்த்துபவராக மிக்கேல் சித்தரிக்கப்படுகிறார். இதனால் ஐரோப்பாவில் உயரமான இடங்களில் அவருக்கு ஆலயம் எழுப்பும் வழக்கம் பரவியது. பிரான்சின் மோன் சென் மிஷேல், இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலுள்ள செயின்ட் மைக்கேல்ஸ் மவுண்ட், அயர்லாந்தின் ஸ்கெலிக் மைக்கேல் ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டுகள். ஸ்கிரிட் மலையின் சிற்றாலயமும் இவ்வகையைச் சேர்ந்ததே. மிக்கேலின் திருநாளான செப்டம்பர் 29ஐ ஒட்டி மக்கள் இங்கு திருப்பயணமாக வந்தனர்.

சமயச் சீர்திருத்தமும் மறைவான வழிபாடும்

16ஆம் நூற்றாண்டில் அரசர் எட்டாம் ஹென்றி உரோமைத் திருச்சபையிலிருந்து பிரிந்து, தம்மை இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவராக அறிவித்தார். துறவி மடங்கள் கலைக்கப்பட்டன. அபெர்கவெனியிலிருந்த மடம் 1536ஆம் ஆண்டிலும், யூயஸ் பள்ளத்தாக்கிலிருந்த லான்தோனி மடம் 1538ஆம் ஆண்டிலும் மூடப்பட்டன. பின்னர் ஊர்த் தேவாலயங்களிலிருந்த உருவங்களும் பழைய பலிபீடங்களும் நீக்கப்பட்டன. இலத்தீன் திருப்பலி தடைசெய்யப்பட்டது.

வெளிநாட்டில் குருப்பட்டம் பெற்ற கத்தோலிக்கக் குரு எவரும் நாட்டில் இருப்பதே இராசத்துரோகக் குற்றம் என 1585ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அதற்குரிய தண்டனை மரணம். அவருக்கு அடைக்கலம் தருவோரும் மரண தண்டனைக்கு உரியவராயினர்.

இத்தகைய சூழலிலும் மொன்மத்சயரில் கத்தோலிக்கர்கள் கணிசமாக இருந்தனர். ராக்லன் கோட்டையின் உரிமையாளர்களான வூஸ்டர் பிரபுக்கள் நெடுங்காலம் கத்தோலிக்கராக இருந்து அவர்களுக்குப் பாதுகாப்பளித்தமை இதற்கு ஒரு முக்கிய காரணம். அபெர்கவெனி நகரில் கன்டர் குடும்பத்தார் தம் வீட்டின் மேற்கூரை அறையில் ஒரு சிற்றாலயத்தை வைத்திருந்தனர். அங்கிருந்த, மூன்று ஞானிகள் குழந்தை இயேசுவை வணங்கும் சுவரோவியம் பின்னர் கண்டெடுக்கப்பட்டு அபெர்கவெனி அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது.

ஊர்த் தேவாலயங்கள் யாவும் அரசின் திருச்சபைக்கு உரியனவாகிவிட்ட நிலையில், ஸ்கிரிட் மலையுச்சியின் சிற்றாலயம் கத்தோலிக்கர்கள் கூடும் இடமாயிற்று. 1676ஆம் ஆண்டில் திருத்தந்தை பத்தாம் கிளமெண்ட், மிக்கேல் திருநாளில் இம்மலைக்குத் திருப்பயணம் வருவோர்க்குப் பரிபூரண பலன் எனப்படும் ஆன்மிகச் சலுகையை வழங்கினார். சட்டப்படி தடைசெய்யப்பட்ட ஒரு கூட்டத்துக்கு உரோமையிலிருந்து கிடைத்த ஏற்பு இது என்பது குறிப்பிடத்தக்கது.

ஜான் அர்னால்டும் 1679ஆம் ஆண்டின் தண்டனைகளும்

மலைக்கு வடக்கே 3 கி.மீ.க்குள் அமைந்துள்ள லான்விஹாங்கெல் கோர்ட் என்னும் மாளிகையில் ஜான் அர்னால்ட் என்பவர் வாழ்ந்தார். இவர் உள்ளூர் நீதி நடுவராகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். கத்தோலிக்கக் குருக்களைத் தேடிப் பிடிப்பதில் தீவிரமாக ஈடுபட்டார். நாடாளுமன்றத்துக்கு அளிக்கப்பட்டு 1680ஆம் ஆண்டில் அச்சிடப்பட்ட சாட்சியங்களில் அவரது கூற்றும் இடம்பெற்றுள்ளது. உயர்ந்த மலை ஒன்றின் உச்சியில் நூறு கத்தோலிக்கர்கள் கூடியதைத் தாம் கண்டதாகவும், ஆண்டுக்கு எட்டு அல்லது பத்து முறை அங்கே கூட்டம் நிகழ்வதாகத் தாம் அறிந்ததாகவும் அவர் அதில் கூறியுள்ளார். மலையில் நிகழ்ந்த வழிபாட்டைப் பற்றிய மதிப்புமிக்க சான்று, அதை ஒடுக்க முயன்றவரிடமிருந்தே கிடைத்துள்ளது.

1678ஆம் ஆண்டில் டைட்டஸ் ஓட்ஸ் என்பவர், அரசர் இரண்டாம் சார்லசைக் கொல்லக் கத்தோலிக்கர்கள் சதி செய்வதாகப் பொய்க் கதை ஒன்றைப் பரப்பினார். நாடெங்கும் அச்சம் பரவியது. அவ்வாண்டு டிசம்பரில், எல்லைக்கு அப்பால் ஹெரஃபோர்ட்சயரில் கும் என்னும் இடத்தில் இயங்கிவந்த இயேசு சபைக் கல்லூரி சோதனையிடப்பட்டது. அங்கிருந்த நூல்கள் ஹெரஃபோர்ட் பேராலய நூலகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. பிலிப் எவன்ஸ் என்னும் இயேசு சபைக் குருவைப் பிடித்துத் தருவோர்க்கு 200 பவுண்டு பரிசு தருவதாக அர்னால்ட் அறிவித்தார். எவன்ஸ் கைதுசெய்யப்பட்டு, ஜான் லாய்ட் என்னும் மற்றொரு குருவுடன் 1679 ஜூலை 22 அன்று கார்டிஃப் நகரில் தூக்கிலிடப்பட்டார்.

அபெர்கவெனியில் 1616ஆம் ஆண்டு பிறந்த டேவிட் லூயிஸ் என்பவரும் இயேசு சபைக் குருவே. ஏழைகளுக்கு உதவியதால் மக்கள் அவரை வெல்ஷ் மொழியில் "ஏழைகளின் தந்தை" என அழைத்தனர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இப்பகுதியில் மறைவாகப் பணியாற்றிய அவர், 1678 நவம்பரில் லான்டார்னம் அருகே கைதானார். 1679 மார்ச்சில் மொன்மத் நகரில் விசாரிக்கப்பட்டார். 1679 ஆகஸ்ட் 27 அன்று அஸ்க் என்னும் ஊரில் தூக்கிலிடப்பட்டார். அவ்வூர்த் தேவாலய வளாகத்தில் அவரது கல்லறை உள்ளது.

சதிக் கதை பொய்யென வெளிப்பட்டபின் ஓட்ஸ் 1685ஆம் ஆண்டில் பொய்ச்சாட்சிக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார். கத்தோலிக்கர்கள் வெளிப்படையாக வழிபட 1791ஆம் ஆண்டுச் சட்டமும், நாடாளுமன்ற உறுப்பினராக 1829ஆம் ஆண்டுச் சட்டமும் வழிசெய்தன. எவன்ஸ், லாய்ட், லூயிஸ் ஆகிய மூவரும், இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளின் நாற்பது மறைசாட்சிகளுள் அடங்கியவர்களாக, 1970 அக்டோபர் 25 அன்று திருத்தந்தை ஆறாம் பவுலால் புனிதர்களாக அறிவிக்கப்பட்டனர்.

சுற்றியுள்ள ஊர்களும் தேவாலயங்களும்

இவ்வூர்களின் பழைய தேவாலயங்கள் இன்று வேல்ஸ் திருச்சபைக்கு உரியவை. இது 1920ஆம் ஆண்டில் இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து பிரிக்கப்பட்டு, அரசுச் சார்பு நீங்கிய ஆங்கிலிக்கத் திருச்சபையாகும்.

லான்விஹாங்கெல் குருகோர்னி

மலையின் வடக்கு அடிவாரத்திலுள்ள இவ்வூரின் தேவாலயமும் மிக்கேலுக்கு உரியதே. இங்குள்ள ஸ்கிரிட் விடுதி, வேல்ஸ் நாட்டின் மிகப் பழைய விடுதி எனவும், 1110ஆம் ஆண்டிலேயே இயங்கியது எனவும், இங்கே பலர் தூக்கிலிடப்பட்டனர் எனவும் விளம்பரப்படுத்தப்படுகிறது. ஆயினும் இப்போதுள்ள கட்டடத்தின் அமைப்பு 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

லான்தெவி ஸ்கிரிட், லான்டிலியோ பெர்தோலி

லான்தெவி ஸ்கிரிட் மலையின் தென்கிழக்கிலுள்ள சிற்றூர். மலையின் பெயரையே தன் பெயரில் தாங்கியுள்ளது. லான்டிலியோ பெர்தோலி மலைக்குத் தென்மேற்கே அபெர்கவெனி செல்லும் வழியில் உள்ளது. 12ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட லாண்டாஃப் நூல் என்னும் இலத்தீன் ஆவணத் தொகுப்பில் இத்தலத்தின் பெயர் காணப்படுவதால், நார்மானியர் வருகைக்கு முன்பே இங்கு வழிபாட்டிடம் இருந்ததாகக் கருதப்படுகிறது.

லான்வெதரின்

மலைக்குக் கிழக்கே ஏறத்தாழ 3 கி.மீ. தொலைவில் உள்ளது. ஊரின் பெயர் குவித்தரின் என்னும் பழைய வெல்ஷ் புனிதரைக் குறிக்கிறது. ஆனால் தேவாலயம் பின்னர் திருத்தூதர் பெரிய யாக்கோபுக்கு உரியதாக்கப்பட்டது. தேவாலயத்தின் புனிதர் மாறியும் ஊரின் பெயர் மாறாது நிலைத்தமைக்கு இது ஓர் எடுத்துக்காட்டு. இதற்கு அப்பால் நார்மானியர் கட்டிய வெள்ளைக் கோட்டை உள்ளது.

கும்யோய்

ஸ்கிரிட் மலைக்கு வடமேற்கே ஏறத்தாழ 6 கி.மீ. தொலைவில், யூயஸ் பள்ளத்தாக்கில் அமைந்தது. இதற்கு மேலுள்ள மலையும் அதே பாறை அமைப்பினால் சரிந்துள்ளது. ஊரின் புனித மார்ட்டின் தேவாலயம் அச்சரிவு மண்ணின் மீதே கட்டப்பட்டது. நிலம் மெல்ல நகர்ந்ததால் கட்டடத்தின் பகுதிகள் வெவ்வேறு திசைகளில் சாய்ந்து முறுகியுள்ளன. கோபுரம் செங்குத்திலிருந்து 5.2 பாகை சாய்ந்துள்ளது. அதாவது ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ 9 செ.மீ. விலகல்.

இது பைசா கோபுரத்தைவிட அதிகச் சாய்வு எனக் கூறப்படுவதுண்டு. பைசா கோபுரம் 1990ஆம் ஆண்டில் ஏறத்தாழ 5.5 பாகை சாய்ந்திருந்தது. 2001ஆம் ஆண்டில் முடிந்த சீரமைப்புக்குப் பின் அது ஏறத்தாழ 4 பாகையாகக் குறைக்கப்பட்டது. ஆகவே இக்கூற்று அந்தச் சீரமைப்புக்குப் பிந்தைய நிலைக்கே பொருந்தும். தேவாலயத்தில் இடைக்காலக் கற்சிலுவை ஒன்று உள்ளது. அது 1967ஆம் ஆண்டில் திருடப்பட்டு, பின்னர் லண்டனில் அடையாளம் காணப்பட்டு மீட்கப்பட்டது.

பார்ட்ரிஷோ

மலைக்கு வடமேற்கே ஏறத்தாழ 7 கி.மீ. தொலைவில், போவிஸ் மாவட்டத்துக்குட்பட்ட குருவின் வௌர் பள்ளத்தாக்கில் உள்ளது. இங்கு வாழ்ந்த இசுய் என்னும் துறவி வழிப்போக்கன் ஒருவனால் கொல்லப்பட்டார் என்பது மரபுவழிக் கதை. அவரது ஊற்று இன்றும் உள்ளது. தேவாலயத்தின் கல் திருமுழுக்குத் தொட்டியில், அதைச் செய்தவரின் பெயரும், கெனிலின் என்னும் உள்ளூர்த் தலைவரின் காலத்தில் அது செய்யப்பட்டது என்னும் செய்தியும் பொறிக்கப்பட்டுள்ளன. இது 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது எனக் கருதப்படுகிறது.

மக்கள் அமரும் பகுதியையும் பலிபீடப் பகுதியையும் பிரிக்கும் மரத்தடுப்பு ஒன்று இங்கே அதன் மேல்மாடத்துடன் முழுமையாக உள்ளது. ஏறத்தாழ 1500ஆம் ஆண்டில் நுணுக்கமாகச் செதுக்கப்பட்டது. 16ஆம் நூற்றாண்டில் இத்தகைய மாடங்களை அகற்ற ஆணையிடப்பட்டதால் பிற இடங்களில் இவை பெரும்பாலும் அழிந்தன. மேற்குச் சுவரில் கையில் மணற்கடிகையுடன் ஓர் எலும்புக்கூடு வரையப்பட்டுள்ளது. மரணத்தை நினைவூட்டும் ஓவியம் இது.

அபெர்கவெனி

இந்நகரின் புனித மரியா தேவாலயம், 1087ஆம் ஆண்டளவில் நிறுவப்பட்ட துறவி மடத்தின் தேவாலயமாக இருந்தது. தாவீது அரசரின் தந்தையாகிய ஈசாய் படுத்திருக்கும் நிலையில், ஒரே ஓக் மரத்தில் செதுக்கப்பட்ட 15ஆம் நூற்றாண்டுச் சிற்பம் இங்கே உள்ளது. அவரிலிருந்து கிளைத்து இயேசு வரை செல்லும் வழிமரபை மரமாகக் காட்டிய பெரிய சிற்பத் தொகுதியின் அடிப்பகுதி இது. மற்றப் பகுதிகள் அழிந்துவிட்டன. பார்ட்ரிஷோவில் தப்பியதையும் இங்கே அழிந்ததையும் ஒருங்கே நோக்கினால், சமயச் சீர்திருத்தத்தால் இவ்வட்டாரத் தேவாலயங்கள் இழந்தவற்றை உணரலாம்.

20ஆம் நூற்றாண்டில்

இலக்கிய, பண்பாட்டு ஆய்வாளர் ரேமண்ட் வில்லியம்ஸ் (1921–1988) மலைக்கு வடக்கேயுள்ள பண்டி என்னும் சிற்றூரில் பிறந்தார். அவரது தந்தை தொடருந்துப் பாதையில் சைகைக் காவலராகப் பணியாற்றினார். 1960ஆம் ஆண்டில் வெளிவந்த "எல்லை நாடு" என்னும் பொருள்படும் அவரது புதினம் இவ்வட்டார வாழ்க்கையை அடிப்படையாகக் கொண்டது.

இட்லரின் துணைவராக இருந்த ருடால்ஃப் ஹெஸ், 1941ஆம் ஆண்டில் தனியே விமானத்தில் ஸ்காட்லாந்து வந்து பிடிபட்டவர். அவர் 1942 ஜூன் முதல் 1945 அக்டோபர் வரை மலையின் தென்மேற்கே உள்ள மைன்டிஃப் கோர்ட் மருத்துவமனையில் காவலில் வைக்கப்பட்டிருந்தார். காவலருடன் வெளியே உலவ அவருக்கு அனுமதி இருந்தது. பின்னர் நியூரம்பர்க் விசாரணைக்காகக் கொண்டுசெல்லப்பட்டார்.

இன்றைய நிலை

ஸ்கிரிட் மலை 1939ஆம் ஆண்டு முதல் நேஷனல் டிரஸ்ட் என்னும் பாதுகாப்பு அறக்கட்டளையின் உடைமையாக உள்ளது. அபெர்கவெனியிலிருந்து ஸ்கென்ஃப்ரித் செல்லும் சாலையோர வாகன நிறுத்துமிடத்திலிருந்து, காட்டின் வழியே தென்முனைக்கு ஏறி, முகடு வழியே உச்சியை அடைவது வழக்கமான பாதை. ஏறத்தாழ 159 கி.மீ. நீளமான பீக்கன்ஸ் நெடுநடைப் பாதையும் இம்மலை வழியே செல்கிறது.

மலையேறுவோர் இங்கே காண்பது இரு கற்களும் ஒரு பள்ளமுமே. அவற்றின் அருகில் நின்று வடக்கே நோக்கினால், அர்னால்டின் மாளிகை அமைந்த பகுதியும், அதற்கு அப்பால் யூயஸ் பள்ளத்தாக்கின் தொடக்கமும் உள்ளன. ஒரு மலை பிளந்ததற்கு மக்கள் கற்பித்த காரணத்தை நிலவியல் இன்று ஏற்பதில்லை. எனினும் அக்காரணத்தை நம்பி, பிடிபட்டால் நேரக்கூடிய தண்டனையை அறிந்தும் இங்கு ஏறி வந்தவர்களின் துணிவு வரலாற்று உண்மை ஆகும்.